சேலம் இறக்கத்தில் கிடைத்த மைலேஜ்

ஜூன் 11, புதன்கிழமை. காலை 5.10-க்கு எழுந்தேன். ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாள். 5.25-க்குக் குழாயில் வந்தது, 6.05-க்கு நின்றது. இரண்டு டிரம், ஐந்து குடம். நடை நாற்பது நிமிடம். ராகி தோசை மூன்று. ஸ்கூட்டர் பின் டயருக்குக் காற்று. மழை இல்லை.

என் டைரியில் அன்றைய பக்கத்தின் மேல் பாதி இவ்வளவுதான். இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் பழக்கம் தெரியும். எத்தனை மணி, எத்தனை குடம் என்று எழுதாவிட்டால் அந்த நாள் நடந்ததாகவே எனக்குத் தோன்றாது. நீங்களும் பல வருடமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கீழ்ப் பாதியில்தான் விஷயம் இருக்கிறது.

9.05. தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடை. சர்க்கரை குறைத்து ஒரு டீ. குடித்துவிட்டு டம்ளரை வைக்கும்போது ஒருவர் வந்து எதிரில் நின்றார். ஐம்பது வயது இருக்கும். காக்கிச் சட்டை, கையில் பிளாஸ்டிக் ஃபைல்.

"வாரா வாரம் எழுதறது நீங்கதானுங்க? ஃபோட்டோல பாத்திருக்கேன்."

ஆமாம் என்றேன். பாராட்டுக்குத் தயாரானேன். நானும் மனிதன்தானே.

"எம் பேரு சின்னசாமிங்க. மாரண்டஹள்ளி. ஓசூர் கம்பெனிக்குப் பொண்ணுங்கள ஏத்திட்டுப் போற வேன் ஓட்டறேன். இன்னைக்குக் கம்பெனி லீவு, இன்சூரன்ஸ் வேலையா வந்தேன். நீங்க ஹைட்ரஜன் கிட் பத்தி எழுதுனீங்கல்ல... அதப் படிச்சுட்டுத்தான் நம்ம வண்டிக்கும் மாட்டுனேன்."

"சந்தோஷம். மைலேஜ் எப்படி வருது?"

"அதக் கேக்கத்தாங்க நின்னேன். உங்களுக்கு மட்டும் எப்படிங்க வந்துச்சு?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"எனக்கு ஒரு சொட்டு மிச்சமாகல. மூணு வாரம் ஆச்சு. மாட்டிவுட்டவரக் கேட்டா, தருமபுரி சாரே எழுதியிருக்காரு, அப்ப உங்க கால்லதான் தப்பு, மெதுவா மிதிங்கன்னு சொல்றாரு. மெதுவாத்தான் மிதிச்சேன். பொண்ணுங்க லேட்டாவுதுன்னு திட்டுதுங்க."

"நாங்க இங்கிருந்து சேலம் வரைக்கும் அளந்து பார்த்தோமே..." என்று ஆரம்பித்தேன்.

"சேலமா?" அவர் முகம் தெளிந்துவிட்டது. "அட, சேலம் எறக்கமுங்களே. நமக்கு ஓசூர் ஏத்தம். அதாங்க விஷயம்."

தன் சந்தேகம் தீர்ந்துவிட்ட திருப்தியோடு சிரித்தார். அவருக்கு அது பதில். எனக்கு?

அவருடைய நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு பெஞ்சில் உட்கார்ந்து இன்னொரு டீ சொன்னேன். ஒரு நாளில் இரண்டாவது டீ நான் குடிப்பதில்லை.

புதிதாக வாசிப்பவர்களுக்குப் பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி மல்லிகாவின் தம்பி கோவிந்தராஜ் காரிமங்கலத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறான். சொந்த வண்டி, பெட்ரோல். வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு டீச்சரம்மாவைத் தருமபுரி ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருவது அவனுடைய நிரந்தர சவாரி. ஐந்து வாரம் முன்பு அவன் தன் காரில் ஒரு ஹைட்ரஜன் கிட் மாட்டினான்.

பார்க்க எளிமையான சாமான்தான். ஒரு டப்பா, அதற்குள் ஸ்டீல் தகடுகள், கொஞ்சம் காஸ்டிக் சோடா கலந்த தண்ணீர். காரின் பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்தால் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். அந்த வாயு ஒரு டியூப் வழியாக என்ஜின் காற்று இழுக்கும் இடத்துக்குப் போய், பெட்ரோலோடு சேர்ந்து எரியும். பெட்ரோல் நன்றாக எரியும், புகை குறையும், மைலேஜ் கூடும் என்று சொல்லி விற்கிறார்கள்.

கூடியதா? நானே பார்த்தேன். சேலத்தில் ஒரு கல்யாணம், கோவிந்தராஜ் காரில் போனோம். தருமபுரியில் டேங்க் நிரப்பினோம். மடியில் நோட்டை வைத்துக்கொண்டேன். சேலத்தில் மறுபடி நிரப்பினோம். 65 கிலோமீட்டருக்கு மூன்று லிட்டரும் கொஞ்சமும். லிட்டருக்கு 20.4. அவனுக்கு வழக்கமாகக் கிடைப்பது 16. கல்யாணம் முடிந்ததும் அவனுக்கு ஈரோட்டுக்கு ஒரு சவாரி கிடைத்தது. நான் ரயிலில் திரும்பினேன்.

அடுத்த வாரம் இதே இடத்தில் ‘என் நோட்டு சொல்கிறது’ என்று எழுதினேன். ஒரு தசமப் புள்ளியோடு.

போனதை மட்டும் அளந்தேன். வந்ததை அளக்கவில்லை. நடுவில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. அந்த இறக்கத்தில் ஆக்சிலேட்டரில் கால் வைக்காமலே வண்டி தானாக உருளும் என்பது இந்த மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டுபவனுக்குக்கூடத் தெரியும். அப்படி உருண்டதை நான் ஹைட்ரஜன் பெயரில் எழுதிவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் வேலை பார்ப்பது ஒரு பில்டிங் பிளான் ஆபீஸில். மனைக்குப் போய் தரை மட்டம் எடுத்து, எந்தப் பக்கம் எத்தனை அங்குலம் இறங்குகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று எழுதிக் கொடுப்பதுதான் என் சம்பளம்.

9.40-க்கு ஆபீஸுக்கு போன் செய்து லீவு சொன்னேன். அடுத்த போன் கோவிந்தராஜுக்கு.

"மாப்ள, இன்னைக்கு சவாரி இருக்கா?"

"சாயந்திரம் ஏழரைக்கு மேலதான் மாமா. ஏன், எங்கயாச்சும் போகணுமா?"

"சேலம் போய்ட்டு வரணும். ரெண்டு தடவ."

"யாராச்சும் தவறிட்டாங்களா மாமா?"

"இல்ல. நான்தான் தவறிட்டேன். வா, சொல்றேன்."

வந்தான். சொன்னேன். அவனுக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் வண்டியை எடுத்தான்.

இந்த முறை எதையும் விடவில்லை. நான்கு டயரிலும் ஒரே அழுத்தம். ஏசி கிடையாது. எழுபதுக்கு மேல் போகக் கூடாது. இறக்கத்தில் நியூட்ரல் போடக் கூடாது. இதைச் சொன்னதும் முகம் சுளித்தான், நம் ஊர் டிரைவர்கள் பலருக்கும் உள்ள கெட்ட பழக்கம் அது. அதே பங்க்கில், அதே குழாயில், வண்டியை அதே இடத்தில் நிறுத்தித்தான் நிரப்ப வேண்டும். முதல் சுற்று கிட் ஓடும்போது, இரண்டாவது சுற்று கிட்டை நிறுத்திவிட்டு. சேலம் போய் நிற்காமல் திரும்ப வேண்டும். போவது, வருவது இரண்டையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

10.35-க்குக் கிளம்பினோம். வழியில் கிட் விற்ற ஏஜென்ட்டுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பெங்களூரு பக்கத்து ஆள். தேன் மாதிரி பேசுவார்.

"நமஸ்காரா சார். நூறு வயசு உங்களுக்கு. உங்க ஆர்ட்டிகிள லேமினேட் பண்ணி கடையில மாட்டியிருக்கேன் சார். அதப் பாத்தே ஆறு வண்டி மாட்டிட்டேன்."

"ஆறா?"

"ஆறு சார். எல்லாரும் ஹேப்பி."

"மாரண்டஹள்ளி சின்னசாமி ஹேப்பியா இல்லையே."

"அவரு ஓட்டறது சரியில்ல சார். உங்க லெவலுக்கு எல்லாராலயும் ஓட்ட முடியுமா?"

"நான் அளந்தது தப்பு. ரோடு எறக்கம், அத நான் சேர்த்துக்கல. அந்த லேமினேஷனக் கழட்டிடுங்க. மீதி அஞ்சு பேர் நம்பர் குடுங்க, நானே பேசறேன்."

"அது ஹேகே... எப்படி சார் குடுக்கறது... கஸ்டமர் விஷயம். ஒண்ணு பண்ணலாம் சார், உங்க ஸ்கூட்டருக்கு ஒரு சின்ன கிட் ரெடி பண்றேன், ஃப்ரீயா..."

போனை வைத்துவிட்டேன். கோவிந்தராஜ் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான். "ஸ்கூட்டருக்கு மாட்டிக்கோங்களேன் மாமா."

அவனுக்குக் கோபம் வந்தால் இப்படித்தான் பேசுவான்.

1.50-க்குத் தருமபுரி திரும்பி, டேங்க் நிரப்பினோம். கிட் ஓடிய சுற்று: 130 கிலோமீட்டர், 7.98 லிட்டர். லிட்டருக்கு 16.3.

கோவிந்தராஜ் பில்லை இரண்டு தடவை பார்த்தான்.

கிட்டின் இணைப்பை எடுக்க அவன் வழக்கமாக வண்டி விடும் சாதிக் பாய் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். பாய் அதிகம் பேசாதவர். பானட்டைத் திறந்து, ஒயரைக் கையால் தொடர்ந்துகொண்டே போனார்.

"இதுல ரிலே எங்க? என்ஜின் நின்னா கரண்ட தானா அணைக்கறது?"

"சுவிட்ச் இருக்குதே பாய்," என்றான் கோவிந்தராஜ்.

"சுவிட்ச் நீ அணைச்சாத்தான் அணையும். ஓடும்போது என்ஜின் நின்னுபோனா யார் அணைப்பா? சாவிய ஆன்ல வெச்சுட்டு நீ டீ குடிக்கப் போனா யார் அணைப்பா? கேஸ் வந்துட்டே இருக்கும். என்ஜின் இழுக்கல. அப்ப அது எங்க போவும்? இங்கதான் தங்கும்." பானட்டுக்குள் விரலைச் சுற்றிக் காட்டினார். "அப்பறம் வந்து சாவியத் திருப்புவ. ஸ்டார்ட்டர்ல ஒரு பொறி போதும்."

டியூப் வழியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது. வாயு அதிலுள்ள தண்ணீருக்குள் குமிழாக வந்து போக வேண்டும். என்ஜினிலிருந்து நெருப்பு திரும்பி வந்தால் அந்தத் தண்ணீரோடு அது அணைந்துவிட வேண்டும். மொத்த சாமானிலும் பாதுகாப்பு என்று இருப்பது அது ஒன்றுதான். பாய் அதைத் தட்டிக் காட்டினார். டியூபின் நுனி தண்ணீருக்கு மேலே, காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்து, காற்று உள்ளே போகும் குழாயைக் கழற்றினார். உள்ளே அலுமினியத்தின் மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது.

"காஸ்டிக். டப்பாவுல நுரை கட்டி, இது வழியா உள்ள போயிருக்கு. அலுமினியத்த அரிச்சுட்டே இருக்கும். என்ன தண்ணி ஊத்துற?"

"டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தச் சொன்னாருங்க. நான் ஒகேனக்கல் தண்ணிதான் ஊத்துனேன்," என்றான் கோவிந்தராஜ். "வூட்டுல வடிகட்டித்தான் பாய். அதவிட சுத்தமான தண்ணி எங்க இருக்குது?"

பாய் முதல் முறையாகச் சிரித்தார். "மனுசன் குடிக்கச் சுத்தம்தான்ப்பா. தகடுக்கு உப்பே ஆவாது. அதுல உப்பும் இருக்கு, மருந்தும் இருக்கு. உள்ள பாரு, காவாத் தண்ணி மாதிரி ஆயிருக்கு."

ஃபுளோரைடு கலந்த போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரைவிட உயர்ந்தது ஒன்று இருக்கும் என்று நமக்குத் தோன்றுமா? வீட்டில் சாமிக்கு வைக்கும் தண்ணீரைத்தான் அவன் காருக்கும் ஊற்றியிருக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானாக இருந்தாலும் அதையே ஊற்றியிருப்பேன்.

"பாய், என்ஜினே முன் சீட்டுக்கு அடியில இருக்கற வேன்ல இத மாட்டியிருந்தா?" என்று கேட்டேன்.

ஸ்பேனரைக் கீழே வைத்தார். "யார் வண்டி?"

2.40-க்குச் சின்னசாமிக்கு போன் செய்தேன். ஊர் திரும்பியிருந்தார். வேன் வீட்டு வாசலில் நிற்கிறது என்றார். டப்பாவை எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"உள்ளதாங்க. என் சீட்டுக்குப் பின்னாடி, பொண்ணுங்க கால் வைக்கற இடத்துல. டியூபு சீட்டுக்கு அடியில போவுது."

"எத்தனை பேர் போறாங்க?"

"ஏழு பேருங்க."

"எப்பவாவது ஏதாவது சத்தம் வந்துதா?"

"போன வாரம் ராயக்கோட்டை ஏத்தத்துல டப்புன்னு ஒரு சத்தம். பேக்ஃபயர்னு நெனச்சேன். பொண்ணுங்க பயந்துட்டாங்க. அப்பறம் வரல. வாசனைகூட எதுவும் இல்லைங்களே."

வாசனை வராது. நிறமும் கிடையாது. சமையல் கேஸில் வாசனையைத் தனியாகச் சேர்க்கிறார்கள், கசிந்தால் நமக்குத் தெரியட்டும் என்று. காருக்குள் தயாராகிற ஹைட்ரஜனுக்கு அதைச் சேர்ப்பது யார்?

சாதிக் பாய் போனை என் கையிலிருந்து வாங்கினார். "அண்ணே, சாவி போடாதீங்க. பேட்டரி நெகட்டிவ் ஒயர மட்டும் கழட்டி வைங்க. ஜன்னல், கதவு எல்லாத்தையும் தொறந்து வைங்க. பக்கத்துல பீடி கீடி வேணாம். டப்பாவ நீங்க தொடாதீங்க, உள்ள இருக்கறது தோல்ல பட்டா புண்ணாயிடும்."

"காலைல ஆறரைக்கு வண்டி எடுக்கணுமேங்க. ஒரு நாள் போகலன்னா பொண்ணுங்களுக்குச் சம்பளம் போயிடும். சுவிட்ச அணைச்சுட்டு நாளைக்கு ஒரு நாள் ஓட்டிக்கறனே..."

"வேணாம். ஆறு மணிக்கு நான் வரேன். கழட்டிட்டு எடுங்க."

என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டார். நான் எப்படி அழைத்துப் போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கோவிந்தராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பாய் கோவிந்தராஜ் வண்டியிலிருந்த கிட்டை முழுவதுமாக எடுத்து, குழாயைச் சுத்தம் செய்து மாட்ட அரை மணி நேரம் ஆனது. 3.15-க்கு இரண்டாவது சுற்று கிளம்பினோம். அதே வேகம், அதே ரோடு. 6.20-க்குத் திரும்பினோம். அதே குழாய். 130 கிலோமீட்டர், 7.93 லிட்டர். லிட்டருக்கு 16.4.

கிட் இல்லாத சுற்றில் ஐம்பது மில்லி பெட்ரோல் மிச்சம். அதையும் நான் கிட்டுக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அளவு வித்தியாசம் பங்க் குழாய் கொஞ்சம் முன்பின்னாக நின்றாலே வந்துவிடும். இரண்டும் ஒன்றுதான், அவ்வளவே. ஒரு வண்டி, ஒரு நாள், இரண்டு சுற்று. இதற்கு மேல் என் நோட்டு எதையும் சொல்லவில்லை, இந்த முறை நானும் சொல்ல மாட்டேன்.

ஏன் கூடவில்லை என்பதை பாய் ஒரே மூச்சில் சொன்னார். "தண்ணியப் பிரிக்கக் கரண்ட் வேணும். கரண்ட ஆல்டர்னேட்டர் குடுக்குது. ஆல்டர்னேட்டர என்ஜின் சுத்துது. என்ஜின பெட்ரோல் சுத்துது. இத்தன கை மாறி வர்றதுல வழியெல்லாம் சிந்தும். கடைசியில வர்ற ஹைட்ரஜன், போன பெட்ரோல விடக் கம்மியாத்தான் சார் இருக்கும்."

இதற்காக ஹைட்ரஜனை நான் திட்டப்போவதில்லை. அது வேகமாக எரிகிறது, எரிந்த பின் தண்ணீராகத்தான் மிஞ்சுகிறது, கரிப்புகை கிடையாது. பெட்ரோலோடு கொஞ்சம் சேர்த்தால் எரிவது சீராகும் என்று எதிர்பார்ப்பதிலும் நியாயம் இருக்கிறது. அதற்கேற்ப என்ஜினில் பொறி விழும் நேரத்தையும் எரிபொருள் கலவையையும் மாற்றி, சோதனைக்கூடத்தில் வைத்து அளந்து பார்ப்பவர்கள் பார்க்கட்டும். ஹைட்ரஜனிலேயே ஓடுவதற்கென்று கம்பெனிகள் வடிவமைக்கும் வண்டிகளும் உண்டு. அவற்றில் அழுத்தம் தாங்கும் டேங்க், கசிந்தால் சொல்லும் சென்சார், தானாக மூடும் வால்வு எல்லாம் முதல் நாளிலிருந்தே யோசித்து வைத்தவை. அந்த வண்டி நம் ஊருக்கு வரும் நாளில் ஏறிப் பார்க்க நான் முதல் ஆளாக நிற்பேன்.

நான் பேசுவது டப்பாவையும் டியூபையும் ஓடுகிற வண்டியில் கட்டிவிட்டுப் போவதைப் பற்றி. இப்போதைய வண்டிகளில் புகையிலுள்ள ஆக்சிஜனைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சென்சார் இருக்கிறது. கிட்டின் ஆக்சிஜனைப் பார்த்து அது குழம்பும். அதை ஏமாற்ற ஒரு சிப்பும் விற்கிறார்கள். சிப் பெட்ரோலைக் குறைத்தால் மைலேஜ் கொஞ்சம் கூடினாலும் கூடும். என்ஜின் சூடாகும், வால்வு தீயும். இதைத் தவிர, வண்டியின் ஆர்.சி.யில் இல்லாத மாற்றம் இது. நாளைக்கு ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பானட்டைத்தான் திறப்பார். கேஸ் கிட் மாட்ட அனுமதி வாங்கி, பதிவு செய்கிறோமே, எதற்காக?

இவ்வளவையும் நான் ஐந்து வாரம் முன்பே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தசமப் புள்ளி வைத்த பிறகு கேள்வி எதற்கு என்று இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கோவிந்தராஜ் பேசினான். அக்கா கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல்.

"மாமா, கழட்டியாச்சு. சரி. இத மறுபடி எழுதணுமா?"

"எழுதணும்."

"எம் பேரு போட்டு எழுதுனீங்க. ஸ்டாண்ட்ல அந்த பேப்பர எல்லாருக்கும் காட்டுனேன். இப்ப மாத்தி எழுதுனா சிரிப்பானுங்க. ஒகேனக்கல் தண்ணின்னு ஒரு பட்டப்பேரே வெச்சுடுவானுங்க."

"உம் பேர எடுத்துடறேன்."

"எடுத்தா மட்டும் யாருன்னு தெரியாதா? நீங்க வேற ஏதாச்சும் எழுதுங்க. மாங்காயப் பத்தி எழுதுங்க. அடுத்த வாரம் மறந்துடுவாங்க."

அவன் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நீங்கள் மறந்துவிடுவீர்கள். நானும் போன வருடம் எழுதியதில் பாதியை மறந்துவிட்டேன். ஆனால் ஆறு வண்டியில் டப்பா மறக்காமல் வேலை செய்துகொண்டிருக்கும்.

மல்லிகா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பேசியது தம்பியிடம் இல்லை, என்னிடம்.

"பால்காரரு அம்பது மில்லி கொறைச்சா நோட்டுல எழுதறீங்க. சேலம் எறக்கம்னு உங்களுக்குத் தெரியாதா? பஸ்ல போறப்பல்லாம் தொப்பூர் வந்தா காது அடைக்குதுன்னு சொல்றது நீங்கதான?"

"தெரியும்."

"அப்பறம்?"

தம்பி புதுசாக ஒன்று வாங்கியிருக்கிறான், சந்தோஷமாக இருக்கிறான், அது ஜெயிக்க வேண்டும் என்று நானும் விரும்பினேன். விரும்பியதை அளந்தேன். விரும்பிய அளவு வந்தது. அங்கேயே நோட்டை மூடிவிட்டேன்.

இதை அப்படியே அவளிடம் சொன்னேன். கோவிந்தராஜ் காபியைக் குடித்தான். ஆறிப்போயிருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு ஏழரைச் சவாரிக்குக் கிளம்பிப் போனான்.

மாரண்டஹள்ளி முதல் பஸ் நேரத்தை டைரியில் குறித்துக்கொண்டேன். பாய்க்கும் போன் செய்து பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னேன்.

சின்னசாமி போக மீதி ஐந்து பேர் யார் என்று எனக்குத் தெரியாது. அதனால் இங்கே சொல்கிறேன். நான் எழுதியதைப் படித்து உங்கள் வண்டியில் இதை மாட்டியிருந்தால், பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, தெரிந்த மெக்கானிக்கை வைத்துக் கழற்றுங்கள். நீங்களே திறக்காதீர்கள். பக்கத்து வீட்டு வண்டியில் பார்த்தாலும் சொல்லுங்கள். என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டுங்கள், கழற்றிவிட்டுத் திட்டுங்கள். அன்று நான் எழுதிய 20.4 தவறு. சேலம் ரோட்டின் இறக்கம் அது.

ஜூன் 12, வியாழக்கிழமை. காலை 4.50. வாசலில் ஹாரன். கதவைத் திறந்தால் கோவிந்தராஜ். பின் சீட்டில் சாதிக் பாய், மடியில் டூல் பாக்ஸ், தூக்கக் கலக்கம்.

"பஸ்ஸுல போனா ஆறு மணிக்குப் போய்ச் சேர முடியாது மாமா," என்றான். "ஏறுங்க. பேர எடுக்க வேணாம், இருக்கட்டும்."

5.55-க்கு மாரண்டஹள்ளி. பாய் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு வேனுக்குள் குனிந்தார். டப்பா, டியூப், பாட்டில், ஒயர் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கோவிந்தராஜ் வாங்கி வாங்கி ஒரு பிளாஸ்டிக் வாளியில் வைத்தான். பாட்டில் ஒரு பக்கம் வெடித்து, விரிசல் விட்டிருந்தது. பாய் அதைச் சின்னசாமியிடம் காட்டினார். ராயக்கோட்டை ஏற்றத்தில் கேட்ட சத்தம். சின்னசாமி அதைக் கையில் வாங்கவில்லை.

அதற்குள் ஏழு பெண்களும் வந்துவிட்டார்கள். டிபன் டப்பாவும் கம்பெனி அடையாள அட்டையுமாக வரிசையாக நின்றார்கள். அவர்களில் ஒருத்தி வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இத்தன நாளா நாங்க எது மேலண்ணா கால வெச்சுட்டுப் போனோம்?"

சின்னசாமி என்னைப் பார்த்தார்.

"நான் எழுதினது மேலம்மா," என்றேன்.